கெட்டி எண்ணெயும் நீலப் புகையும்



இந்த மாதம் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். இது இளவட்டங்கள் சமாசாரம் என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மோட்டாரை ஓட்டுவது மகனாக இருக்கலாம். அதற்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் உங்கள் சீட்டுப் பணம்தானே?

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன். இப்பொழுது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பட்டணத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். விடியற்காலை ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. தகப்பனார் இல்லை. தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். அந்த அம்மாள் இரண்டு வருஷம் கட்டிய சீட்டை எடுத்து, மேற்கொண்டு கொஞ்சம் கடனும் வாங்கி, 4,800 வெள்ளி கொடுத்தார். பையன் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி வந்தான்.

வாங்கியதுதான் வாங்கினான், சாதாரண மோட்டாராக வாங்கியிருக்கக் கூடாதா? வேகத்துக்காக இஞ்சினைத் திருத்திய மோட்டார் அது. நம் ஊர்ப் பையன்கள் உயிரை விடும் யமஹா ஒய்15இசட்ஆர் வகை. கம்பெனியிலிருந்து வரும்போது அதன் சிலிண்டர் விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 58.7 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 149.8 சி.சி. வரும். விற்றவர் அந்த புளோக்கைக் கழற்றிவிட்டு 62 மில்லிமீட்டர் புளோக்கை மாட்டியிருந்தார். வட்டத்தின் பரப்பளவைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: 177 சி.சி.! இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். அதைப் பையன் கேட்கவும் இல்லை, விற்றவர் சொல்லவும் இல்லை.

வாங்கி இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"சார், எண்ணெய்க் கடையில போலிச் சரக்கைக் கொடுத்து ஏமாத்திட்டான் சார்."

என்ன நடந்ததென்று விசாரித்தேன். வாங்கப் போனது ஒரு சாயங்காலம். இவன் போய்ச் சேரும்போதே வண்டி சூடாகி, பூனை உறுமுவது போல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, புகையில்லை. இரண்டு வாரம் ஓட்டினான். பிறகு, 'பழைய வண்டி வாங்கினால் முதலில் எண்ணெய் மாற்று' என்று நான் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, கையேட்டில் உள்ளபடி 10டபிள்யூ-40 எண்ணெயை வாங்கித் தானே மாற்றினான். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் தையல் மிஷின் மாதிரி 'டக டக' என்று சத்தம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பின்னால் நீலப் புகை. புது எண்ணெய் ஊற்றிய பிறகு வந்த வியாதி. ஆகவே புது எண்ணெய்தான் குற்றவாளி! லயத்தில் எல்லாரும் அதையே சொன்னார்கள்.

"பழைய எண்ணெயை என்னப்பா செய்தாய்?"

நல்லவேளை, அதைக் கால்வாயில் கொட்டாமல் சமையல் எண்ணெய் டின்னில் பிடித்து வைத்திருந்தான். கொண்டு வரச் சொன்னேன். குச்சியை விட்டு எடுத்தால், பலாப்பழப் பால் போல நூல் நூலாக இழுத்தது. இரண்டு வாரம் ஓடிய எண்ணெய் அப்படி இருக்கக் கூடாது.

பின்கட்டில் கிடந்த சிங் தகட்டைச் சாய்த்து வைத்து, மேல் ஓரத்தில் புது எண்ணெயில் ஒரு சொட்டு, பழைய எண்ணெயில் ஒரு சொட்டு, பக்கத்தில் சமையலறைத் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன். தேங்காய் எண்ணெய் ஓடிப்போய் கீழே சேர்ந்தது. புது எண்ணெய் நிதானமாகப் பின்தொடர்ந்தது. டின்னிலிருந்து எடுத்த சொட்டோ, மாமியார் வீட்டுக்குப் போகும் மருமகளைப் போலத் தயங்கித் தயங்கி நின்றது. (என் மனைவி இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

இப்படி ஓடத் தயங்கும் குணத்தைத்தான் பாகுத்தன்மை என்கிறோம். ரசத்துக்கும் வெல்லப் பாகுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த எவருக்கும் இது தெரியும். சூடானால் பாகு இளகும், ஆறினால் இறுகும் என்பதும் தெரியும். எண்ணெய்ப் புட்டியின் மேல் எழுதியுள்ள எண்கள் சொல்வதும் இதைத்தான். அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911-இல் தொடங்கிய தர வரிசை அது. 10டபிள்யூ-40 என்பதில் பின்னால் இருக்கும் 40, எண்ணெய் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். செண்டிஸ்டோக் என்ற அளவில் 12.5-க்குக் குறையாமலும் 16.3-க்கு உட்பட்டும் இருந்தால் அது 40. அதற்கு மேல் 21.9-க்கு உட்பட்டது 50. சாதாரணத் தண்ணீர் ஏறக்குறைய 1 என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு நிதானம் கிடைக்கும்.

முன்னால் இருக்கும் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 10டபிள்யூவை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியிலும், 20டபிள்யூவை 15 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். நமக்கேது பனிக்காலம் என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் பிரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இஞ்சின் எண்ணெய் 100 டிகிரியிலா இருக்கிறது? வெறும் 25 டிகிரி. அந்த நேரத்தில் 20டபிள்யூ-50 எண்ணெய், 10டபிள்யூ-40ஐவிட நன்றாகவே கெட்டி. மேலே கேம் இருக்கும் இடத்துக்கு ஏறிப் போக அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். இஞ்சின் தேய்வது அதிகமாக நடப்பது இந்தக் குளிர்ந்த முதல் நிமிஷங்களில்தான்.

இங்கே ஒரு பழைய கதை. நம் பாட்டிமார் மாதம் ஒரு தடவை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய விளக்கெண்ணெய் இருக்கிறதே, அதுதான் ஒரு காலத்தில் வேகப் பந்தய இஞ்சின்களுக்கு முதல்தரமான எண்ணெய். 1909-இல் இங்கிலாந்தில் வேக்பீல்டு கம்பெனி விளக்கெண்ணெய் கலந்த இஞ்சின் எண்ணெயைச் செய்து, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதை வைத்தே அதற்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டது. முதல் உலகப் போரில் பறந்த சில விமானங்களின் இஞ்சின் விளக்கெண்ணெயைக் குடித்து, எரியாத மிச்சத்தை விமானியின் முகத்திலேயே துப்பும். அவர்கள் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று பாட்டியைக் கேட்டால் சொல்வார்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

என் தகப்பனார் தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். நீளமான திருப்புளியின் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "இரும்பும் இரும்பும் பேசுது; நடுவுல எண்ணெய் இல்லை" என்பார். அதுதான் விஷயம். ஓடும் இஞ்சினில் இரும்போடு இரும்பு நேராக உரசுவதில்லை. நடுவில் எண்ணெய் ஒரு மெல்லிய பாய் போலக் கிடக்கிறது. கெட்டியான எண்ணெய் என்றால் தடித்த பாய். வால்வைத் தட்டும் பாகமும், டைமிங் செயினும், சிலிண்டர் சுவரில் மோதும் பிஸ்டனும் அந்தப் பாயின் மேல் விழுவதால் சத்தம் அமுங்குகிறது. சூட்டில் எண்ணெய் இளகினால் பாய் மெலிந்து, தட்டல் வெளியே கேட்கிறது.

வேகத்துக்காகத் திருத்திய இஞ்சினில் இது இன்னும் முக்கியம். பந்தயத்துக்கென்று அடித்துச் செய்யும் பிஸ்டன்களில் பல, சிலிக்கன் குறைந்த அலுமினியக் கலவை. உறுதி அதிகம்; ஆனால் சூட்டில் கூடுதலாக விரியும். அதற்காகவே சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளியைச் சற்று அதிகமாக விடுவார்கள். நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான். ஆனாலும் காலைக் குளிரில் பிஸ்டன் அந்த இடைவெளியில் ஆடித் தட்டும். சூடேறி விரிந்ததும் அடங்கிவிடும். அது நோயல்ல, அதன் சுபாவம். அப்படிப்பட்ட இஞ்சினுக்கு, சூடும் சுமையும் அதிகம் என்பதால், நல்ல 15டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-50 ஊற்றுவது நியாயமான காரியமே. 'ஐம்பது ஊற்றியிருக்கிறேன்' என்று சொல்கிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் அல்லர்.

ஆனால் கெட்டியாக்குவதற்கும் ஓர் அளவு உண்டு. மிஞ்சினால் பம்பு இழுக்கத் திணறும், இஞ்சினின் பலத்தில் ஒரு பங்கு எண்ணெயைக் கலக்குவதிலேயே போகும், அந்த உழைப்பே சூடாகும். வேகத்துக்காகக் காசைக் கொட்டி இஞ்சினைத் திருத்திவிட்டு, தேன் போன்ற எண்ணெயை ஊற்றி அதன் காலைக் கட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிளில் இஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணெய். சூட்டில் இளகாதிருக்க எண்ணெயில் கலக்கும் நீண்ட சங்கிலி போன்ற பொருளைக் கியர்ப் பற்கள் வெட்டி வெட்டிக் குட்டையாக்கிவிடும். 40 என்று ஊற்றியது ஓட ஓட 30 போலாகும். மாதக் கடைசியில் சத்தம் கூடுவதற்கு அது ஒரு காரணம். காருக்கான எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினாலோ, சிலவற்றில் கிளட்ச் வழுக்கும். ஜப்பானியர் 1998-இல் மோட்டார் சைக்கிளுக்கென்றே வகுத்த 'ஜாசோ எம்ஏ' என்ற முத்திரை புட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி புகை. வெள்ளை, கறுப்பு, நீலம் என்று மூன்று. காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து மறைவது பெரும்பாலும் நீராவி, பயம் வேண்டாம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. எந்த வழியாக எண்ணெய் எரியும் அறைக்குள் போகிறது என்பதை, புகை வரும் நேரமே காட்டிக்கொடுக்கும். இரவெல்லாம் நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலமாக விட்டு அடங்கினால், வால்வுத் தண்டில் இருக்கும் ரப்பர் சீல் போயிருக்கலாம். மலைச் சரிவில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கி, அடிவாரத்தில் மறுபடி முறுக்கும்போது குப்பென்று வந்தாலும் வால்வுப் பக்கம்தான். முறுக்க முறுக்க, சுமை ஏற ஏறப் புகைந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும்.

கெட்டி எண்ணெய் இங்கே என்ன செய்கிறது? தேய்ந்துபோன சீலின் இடுக்கில் அது மெதுவாகத்தான் நுழையும். சூட்டில் ஆவியாவதும் பொதுவாகக் குறைவு. ஆகவே புகை குறையும். புகை குறைந்தால் போதுமா? கிழிந்த கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்தால் தரை நனையாது. கூரை கிழிசல் அப்படியே இருக்கும். சில சமயம் எதிராகவும் நடக்கும். பலம் இழந்த ரிங், கெட்டி எண்ணெயைச் சுவரிலிருந்து முழுதாக வழித்தெடுக்க முடியாமல், தடித்த படலமாக விட்டுவிடும். அது எரிந்து புகை கூடும்.

எண்ணெயின் தரம் எதுவானாலும் அளவு மிஞ்சினாலும் புகை வரும். நம் கப்சாய் மோட்டார் பலவற்றுக்கு வேண்டியது ஒரு லிட்டருக்கும் குறைவு. 'காசு கொடுத்து வாங்கியதை ஏன் மிச்சம் வைப்பது' என்று புட்டி முழுவதையும் கவிழ்க்கிறோம். அளவுக்கு மேல் இருக்கும் எண்ணெயை உள்ளே சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கி, காற்றுப் போகும் குழாய் வழியாகத் தள்ளும். இருநூறு முந்நூறு வெள்ளி செலவு என்று பட்டறையில் பயமுறுத்தப்பட்ட புகை ஒன்று, கால் புட்டி எண்ணெயை வெளியே எடுத்ததும் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

பையன் கதைக்குத் திரும்புவோம். அளவுக் குச்சியைப் பார்த்தோம், அளவு சரி. எண்ணெய் போலியா என்ற அவன் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம் என்று வேறு கடையில் நல்ல 20டபிள்யூ-50 வாங்கி மாற்றினோம். 62 மில்லிமீட்டர் புளோக்குக்கு அது பொருந்தும் என்பது என் எண்ணம். சத்தம் பாதிக்குப் பாதி குறைந்தது. ஆக, கடைக்காரர் மேல் குற்றமில்லை; கையேடு சொன்ன எண்ணெய், மாற்றிய இஞ்சினுக்கு இளக்கமாக இருந்திருக்கிறது. ஆனால் புகை? அவன் ஓட்ட, நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். முறுக்கும்போதெல்லாம் நீலம். ரிங்தான்.

டின்னில் இருந்தது என்னவென்பதும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஐம்பதோடு நில்லாமல், எண்ணெயை நூல் இழுக்கவைக்கும் கெட்டி மருந்து ஒன்றையும் கலந்து, ஒரு மாதத்துக்கு வாயை அடைத்து விற்றிருக்கிறார்கள். பையன் விற்றவரைக் கூப்பிட்டுப் பார்த்தான். இரண்டு தடவை மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை.

அன்று மாலை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டான்.

"சார், அதே மாதிரி கெட்டியா ஊத்தி நாமளும் யாருக்காவது வித்துட்டா என்ன? போட்ட காசாவது வரும்ல?"

எனக்குக் கோபம் வரவில்லை. 4,800 வெள்ளி, அதில் பாதி இன்னும் கடன். மாதா மாதம் கட்ட வேண்டும், வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த தாயார் வாசலுக்கு வந்தார்.

"அது எந்தத் தோட்டத்துப் புள்ள தலையில விடியும்? அவன் அம்மாவும் என்னை மாதிரி பழம் பொறுக்குறவளாத்தான் இருப்பா. வேணாம் தம்பி. சார், நீங்க பட்டறைக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டுச் சொல்லுங்க."

பட்டணத்தில் எனக்குப் பழக்கமான சீனத் தவுக்கே ஒருவரின் பட்டறையில் பிரித்துப் பார்த்தார்கள். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போல் கோடுகள். ரிங்கின் வாய் அளவுக்கு மேல் விரிந்திருந்தது. தவுக்கே தலையை ஆட்டிவிட்டு, மறுபடி 62 போட வேண்டாம், 57க்கே திரும்பிவிடு என்றார். அனுமதித் தொல்லையும் தீரும், கையேட்டிலுள்ள எண்ணெயே பொருந்தும். புளோக், பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து 750 வெள்ளி. மூன்று மாதத் தவணைக்கு அவர் ஒத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் பழைய மோட்டார் பார்க்கக் கிளம்பினால், சாயங்காலத்தில் போகவிடாதீர்கள். காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போகட்டும். போனதும் இஞ்சினின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால், எதற்காக முன்கூட்டியே ஓட்டி வைத்தார்கள் என்று கேட்கட்டும். ஆறிய இஞ்சினைத் தன் கையால் ஸ்டார்ட் செய்து முதல் ஒரு நிமிஷத்துச் சத்தத்தைக் கேட்க வேண்டும். எண்ணெய்க் குச்சியை உருவி, சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் நூல் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த எண்ணெய் ஊற்றுகிறீர்கள், ஏன் அது என்று விற்பவரைக் கேட்டால், இஞ்சினைத் தெரிந்து திருத்தியவர் உடனே காரணம் சொல்வார். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு நண்பன் பின்னால் வந்து புகையைக் கவனிக்கட்டும். ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தன் புகை தெரியாது.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்த மோட்டார் வாசலில் வந்து நின்றது. தாயார் பின்னால் உட்கார்ந்திருந்தார். பட்டணத்தில் முதல் தவணையைக் கட்டிவிட்டு வருகிறார்களாம். "சார், பாருங்க" என்று பையன் எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினான். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். நூல் இழுக்கவில்லை.